பிரான்சுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவள்

புதுச்சேரியில் ஒரு பெண் பிரான்சுக்குப் போகிறாள் என்றால் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை அங்கே என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். மாப்பிள்ளை இல்லையென்றால், தாத்தா சொல்தாவா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவரைத்தான் இங்கே சொல்தா என்பது. அந்தப் பென்ஷனும் பிரெஞ்சு நேஷனாலிட்டியும் பேரப்பிள்ளைகள் வரை இறங்கி வரும், கூடவே ஒரு மிடுக்கு நடையும் வரும். நான் தவளக்குப்பத்துக்காரி. எங்கள் வம்சத்தில் கத்தரிக்காய் மூட்டையைத் தவிர எதையும் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் அணிவகுத்ததில்லை. அப்பா இன்றைக்கும் விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறார். ஆக, நான் பிரான்சுக்குப் போவதற்குச் சரியான காரணம் எதுவும் ஊராரிடம் இல்லை. குதிக்கப் போகிறேன் என்று சொன்னதை யாரும் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நான் குதித்தது ட்ரிபிள் ஜம்ப். ஓடிவந்து ஒரே காலில் ஒரு தாண்டு, விழுந்த வேகத்திலேயே அடுத்த காலுக்கு ஓர் எட்டு, அங்கிருந்து மணலுக்குள் ஒரு குதி. நடுவில் நிற்கக் கூடாது. இதை விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் ஒரு பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ட்ரிபிள் ஜம்ப்னா மூணு சான்ஸ் குடுக்குறாங்க. மூணுல ஒண்ணு கூடவா ஒழுங்கா வுழாது?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. அவர் அந்தப் பதவிக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான். பயிற்சியாளர் ஆக வேண்டும். சிலருக்கு இப்படிப்பட்ட ஆசை குருபக்தியில் பிறக்குமாம். எனக்கு வயிற்றெரிச்சலில் பிறந்தது. எங்கள் மாஸ்டர் மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெயில் நகர நகர நாற்காலியும் நிழலோடு நகரும். ஒரு நாளில் அவர் செய்யும் உடற்பயிற்சி அவ்வளவுதான். கழுத்தில் விசில், கையில் செல்போன். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "ரெண்டு ரவுண்டு ஓடு." எகிறும் பலகையைத் தாண்டி மிதித்தால் ரெண்டு ரவுண்டு. முட்டி வலித்தால் ரெண்டு ரவுண்டு. மாதவிலக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பெண்ணுக்கும் அதே ரெண்டு ரவுண்டு. நான் ஓடிக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்ப்பேன். அதை உதைத்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நின்றபடியே வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். நான் விரும்பியது அந்த இடத்தை மட்டும்தான்.

வாய்ப்பு ஒரு சுற்றுலாக்காரி வடிவில் வந்தது. பிரான்சில் ஏதோ ஒரு சிற்றூர் கிளப்பில் குதிப்பவர்களுக்குப் பயிற்சி தரும் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். விடுமுறைக்கு வந்த இடத்தில், காலையில் ஓடுவதற்காக ஸ்டேடியத்துக்கு வந்தார். எங்கள் சின்னப் பெண்கள் இரண்டு பேருக்கு நான் மாஸ்டருக்குத் தெரியாமல் காலை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். போகும்போது என் முகவரியை வாங்கிக்கொண்டார். சில மாதம் கழித்துச் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. ஒரு வருடம் அங்கே தங்கிப் பயிற்சி எடுக்கலாம், பயிற்சியாளர் படிப்பும் படிக்கலாம் என்று. சங்கம் ஒரு சம்மதக் கடிதம் தந்தால் போதும்.

வினை அங்கேதான் பிடித்தது. பிரெஞ்சில் பயிற்சிக் காலத்துக்கு ஸ்தாஜ் என்று பெயர். எழுதும்போது அது அப்படியே ஆங்கிலத்து 'ஸ்டேஜ்' மாதிரி இருக்கும். செயலாளர் பள்ளியில் பிரெஞ்சைச் செகண்ட் லாங்குவேஜாக எடுத்தவர். எங்கள் ஊரில் அதை எடுப்பது மார்க்குக்காக. பரீட்சை முடிந்ததும் தன் பெயரைச் சொல்வதோடு அவர்களுடைய பிரெஞ்சும் முடிந்துவிடும். அவர் கடிதத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ஸ்டேஜ் என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை அங்கே மேடை ஏற்றிக் கௌரவிக்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டினார். அடுத்த வாரம் தவளக்குப்பம் முனையில் ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது: 'பிரான்ஸ் மேடை ஏறும் எங்கள் தங்க மங்கையே!' என் படம் தபால்தலை அளவு. செயலாளர் கும்பிட்டபடி ஆள் உயரத்துக்கு.

"சார், அது ஸ்டேஜ் இல்ல சார், ஸ்தாஜ். ட்ரெய்னிங்" என்றேன்.

"ஏம்மா, பிரெஞ்ச எனக்கே சொல்லித் தர்றியா? ஸ்டேஜுன்னா சால்வை இருக்கும். சால்வை போட்டா நிர்வாகின்னு ஒருத்தர் கூட நிக்கணும். நீ ஒண்டியா போயி நின்னா நம்ம ஊருக்குத்தான கேவலம்?"

அவர் தானும் அந்த ஸ்டேஜில் கலந்துகொள்ள விரும்புவதாகக் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரும்வரை என் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேசைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு கோட்டும் தைத்துக்கொண்டார். எனக்கு விசாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆளின் சால்வை ஆசையில் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அப்பாதான் பிடித்து உட்கார வைத்தார். "கத்துனா கையெழுத்து போட்ருவானா? உக்காரு" என்றார்.

என்னைக் காப்பாற்றியது பிரெஞ்சுக்காரர்களின் சம்பிரதாயம். பதில் வந்தது. செயலாளரின் ஆர்வம் தங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பிரிவில் பயிற்சி எடுக்கிறார், ஓட்டமா, தாண்டலா, எறிதலா என்று கேட்டிருந்தார்கள். ஓடுகிற காலணி கொண்டுவர வேண்டும். தங்குவது விடுதியில், பையன்களோடு, அடுக்குக் கட்டிலில். மிக முக்கியமாக, கடுமையான போட்டி விளையாட்டுக்கு இதயம் தாங்கும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி உடனே அனுப்ப வேண்டும். மனிதர் ஒரு மாடி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். மறுநாளே ஆள் அனுப்பி என்னை அழைத்து, கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்தக் கோட்டை அப்புறம் ஒரு பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

கிளம்புகிற அன்று உழவர்கரையிலிருந்து அத்தை வந்து எனக்கு நெற்றியில் திருநீறு பூசி, காதோடு காதாக, "போன எடத்துல சும்மா குதிச்சிக்கினே இருக்காத. ஒரு நேஷனாலிட்டி பையனா பாத்துக்க. நம்ம ஊர்ப் பையனே அங்க எத்தினி பேரு கீறான்" என்றாள். அவளுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி: நேஷனாலிட்டி உள்ளவர்கள், இல்லாதவர்கள்.

வெள்ளைக்காரன் என்றால் ஒழுங்கு என்று இங்கே கதை அளப்பவர்களைப் பிடித்து அந்தக் கிளப்பின் சாமான் அறைக்குள் ஒரு மணி நேரம் அடைத்துவைக்க வேண்டும். அப்படி ஒரு குப்பை. ஊர் என்பது ஒரு சர்ச், ஒரு ரொட்டிக்கடை, பத்து மாதக் குளிர். கடையைத் திறப்பதைவிட மூடுவதில்தான் அவர்களுக்கு அக்கறை அதிகம். மதியம் சாப்பிடும்போது நேற்று சாப்பிட்டதைப் பற்றிப் பேசுவார்கள், நாளைக்கு என்ன சாப்பிடுவது என்று சண்டை போடுவார்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வை காய்வதற்குள் ஒயின் பாட்டிலைத் திறப்பார்கள். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்தவனுக்கும் விலக்கு இல்லை. முதல் மாதம் முழுக்க எனக்கு மூக்கு ஒழுகியது.

என்னைக் கண்டதும் அவர்களுக்குத் தோன்றியது யோகா. இந்தியப் பெண், ஆகவே யோகா. எனக்கு யோகா தெரியாது என்று சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் விடாமல் நச்சரிக்க, ஒரு புதன்கிழமை மதியம் பாயோடு வந்து உட்கார்ந்தேவிட்டார்கள். என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு எங்களை வெயிலில் நிறுத்திவைத்துச் செய்ய வைப்பார்களே, மாஸ் டிரில், அதை ஆரம்பித்தேன். கையை முன்னால் நீட்டு, பக்கத்தில் விரி, மேலே தூக்கு, இறக்கு. தமிழில் மெதுவாக ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு செய்தார்கள். ஒரு அம்மாளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது எந்த மரபு என்று கேட்டாள். மிகப் பழையது என்றேன். நம் செயலாளரும் இந்த அம்மாளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏளனம் செல்லுபடியாகாத ஒரே ஆள் அந்தப் பயிற்சியாளர் அம்மாள். அவரிடம் விசில் இல்லை, நாற்காலி இல்லை. நாங்கள் குதிக்கும்போது அவர் பல சமயம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இவளும் செல்போன் பார்க்கிறாளோ என்று எட்டிப்பார்த்தேன். காதால் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை கால் தரையில் படுகிற சத்தம் ஒரே இடைவெளியில் வருகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். எங்கள் ஊரில் எல்லோரும், நான் உட்பட, முதல் தாண்டிலேயே இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டிவிடுவோம். அது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். ஆனால் அந்தக் கால் அத்தனை உயரத்திலிருந்து விழுந்த அடியில் மடங்கும், நடு எட்டு செத்துப்போகும், கடைசிக் குதி பிச்சை எடுக்கும். இத்தனை வருடம் நாங்கள் எதனால் தோற்றோம் என்பது இவ்வளவு சின்ன விஷயம். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் எத்தனை பெண்கள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு எங்கள் மாஸ்டர் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

வசந்தம் வரும் சமயத்தில் ஒரு நாள் அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் குதி இனிமேல் பெரிதாக நீளாது. அதற்கான வயதில் உன்னைக் கெடுத்துவிட்டார்கள். ஆனால் மற்றவர்கள் குதிப்பதில் என்ன கோளாறு என்று என்னைவிட முன்னால் நீ சொல்லிவிடுகிறாய். அதை வைத்துப் பிழைத்துக்கொள்" என்றார். நான் அறைக்குப் போய் அழுதேன். குதிப்பது போய்விட்டதே என்ற அழுகைதான். ஆனால் அழுது முடித்தபோது, நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்று பட்டது. மீதி நாட்களில் ஒரு சொல்லைக்கூடச் சிந்தவிடாமல் கற்றுக்கொண்டேன். தேர்விலும் தேறினேன். அங்கேயே ஒரு வருடம் கூட இருக்கச் சொன்னார்கள். நான் திரும்பி வந்தேன், எனக்கு வேண்டியிருந்த இடம் இங்கே இருந்தது.

"வெறுங்கையோட வந்துட்டியே" என்றாள் அத்தை. வாசலிலேயே. கையில் இரண்டு பெட்டி இருந்தது. "அவனவன் பிள்ள பெத்துக்கினு நேஷனாலிட்டி வாங்கிக்கினு வர்றான். நீ இன்னாடி, விசிலு ஊதுறதுக்கு காயிதம் வாங்கிக்கினு வந்துருக்க?"

ஊரில் அதற்குள் பல கதைகள். விசா முடிந்து பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று ஒன்று. எவனோ ஏமாற்றிவிட்டான் என்று ஒன்று. ஒருத்தி தானாகவே பிரான்சைவிட்டு வருவாள் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மாலையில் ஒரு மணி நேரம், குதிக்கும் குழி மட்டும் போதும், பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் வேண்டாம் என்றேன். அவர் என் சான்றிதழைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்தார்.

"இது முழுக்க பிரெஞ்சுல கீதே. இங்க யாரும்மா படிக்கிறது?"

பிரெஞ்சுத் தெருப் பெயர்களையும் போலீஸ்காரர் தலையின் சிவப்புத் தொப்பியையும் காட்டி உலகத்தையே சுற்றிப்பார்க்கக் கூப்பிடுகிற ஊர் இது. பிரெஞ்சில் இரண்டு வரி படிக்க ஆள் இல்லையாம். பிறகு, மாஸ்டர் மனசு கோணும் என்றார். கடைசியில், வேண்டுமானால் குடியரசு தினத்துக்குப் பெண்களின் அணிவகுப்பைப் பார்த்துக்கொள், சேலை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, அவ்வளவு தூரம் போய் வந்தது இந்த ஆளின் மேசைக்கு முன்னால் உட்கார்வதற்குத்தானா என்றிருந்தது.

தவளக்குப்பத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இடம் தந்தது. குதிக்கும் குழி என்று ஒன்று இருந்தது, அதில் நெருஞ்சி முளைத்திருந்தது, நாய்கள் படுத்திருந்தன. அப்பா மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது வண்டியில் மணல் அடித்துக் கொட்டினார். பலகை பதித்தேன். பிள்ளைகள்தான் வரவில்லை. ஒருத்திக்கு டியூஷன். ஒருத்தி வெயிலில் கறுத்துவிடுவாள். ஒருத்தி வயதுக்கு வந்துவிட்டாள், இனிமேல் குதிக்கலாமா என்று அவள் அம்மா என்னையே கேட்டாள், நான் ஏதோ டாக்டர் மாதிரி. மாலைதோறும் குழிக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். நிற்பதற்கு இடம் கிடைத்துவிட்டது; எதிரே குதிக்கத்தான் ஆள் இல்லை. இதற்கு அந்த நாற்காலி மாஸ்டரே தேவலை, அவரைச் சுற்றி நாலு பேராவது ஓடினார்கள் என்று நினைத்த நாளும் உண்டு.

பிறகு ஒரு திங்கட்கிழமை போனால், பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டர்களும் அம்மாக்களுமாகக் கூட்டம். தவளக்குப்பம் மட்டுமல்ல, உழவர்கரையிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. நான் வெறுங்கையோடு வந்த அவமானம் தாங்காமல் அத்தை அவள் தெருவில் ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தாள்: என் மருமகள் சும்மா வரவில்லை, அந்த நாட்டுக்காரர்களே அனுப்பியிருக்கிறார்கள், நன்றாகக் குதிக்கிற பெண்களைப் பொறுக்கி வருடா வருடம் பிரான்சுக்கு அனுப்புவாள், அங்கே போனால் நேஷனாலிட்டி.

என்ன சனங்கள் இவர்கள் என்று அருவருப்பாக இருந்தது. பிள்ளைக்கு ஓடப் பிடிக்குமா, காலில் வலி உண்டா, ஒருவர் கேட்கவில்லை. கடவுச்சீட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். பிரெஞ்சு டியூஷன் எங்கே நல்லது என்று கேட்டார்கள். ஒருத்தி தன் பெண்ணின் ஜாதகத்தையே கொண்டுவந்திருந்தாள், வெளிநாட்டு யோகம் இருக்கிறதாம். எல்லோரையும் நிறுத்தி, இதெல்லாம் புளுகு, வீட்டுக்குப் போங்கள் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அப்போது ஒரு அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் பெண் கையை உருவிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடிவந்து குழிக்குள் குதித்தாள். முறையெல்லாம் ஒன்றும் இல்லை. காட்டுக்குதி. எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல், மறுபடி ஓட ஆரம்பித்த இடத்துக்கே போனாள். மறுபடி குதித்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தினி வருசத்துல அனுப்புவீங்க மிஸ்?" என்று என்னையே பார்த்துக் கேட்டாள்.

"நல்லா குதிச்சா அஞ்சு வருஷம்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. என் காதாலேயே கேட்டேன். அத்தை சொல்வதைப் போலவே, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பல். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, திருப்தியாக வாசலுக்குப் போய் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

குழிக்குப் போனேன். அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். கால் எங்கே விழ வேண்டும் என்று காட்டுவதற்குக் குனிந்தேன். அவளும் குனிந்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நெஜமாவே பிரான்சுக்கு அனுப்புவீங்களா?"

இவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். அப்புறம் குதிக்க வுட மாட்டாங்க."